வசனம் மறவாத உத்தமர்

நடிப்புக் கலை தோன்றிய நாள் முதல் இன்று வரை, வசனத்தை ஒருமுறைகூட மறக்காத நடிகர் பிறந்ததே இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் எப்போதும் அவசரக்காரர்கள். பிறந்துவிட்டார். பிறந்து, வளர்ந்து, தலைக்குச் சாயம் பூசி, தொலைக்காட்சித் தொடரொன்றில் ஐந்து பெண்களுக்கு அப்பாவாகப் பதினொரு ஆண்டுகளாக நடித்துக்கொண்டிருக்கிறார். வாரத்துக்கு ஆறு நாள், மூவாயிரத்துச் சொச்சம் அத்தியாயங்கள். இத்தனையிலும் ஒரு வாக்கியத்தை, ஒரு சொல்லை, ஏன், ஒரு 'ஐயோ'வைக்கூட அவர் மறந்ததாகச் சரித்திரம் கிடையாது. 'உத்தமத் தந்தை' விருதை மூன்று முறை வாங்கியவர் என்பதால் ஊரே அவரை உத்தமர் என்றுதான் அழைத்தது. நாமும் அப்படியே அழைப்போம்.

இந்தச் சாதனை எப்படி நிகழ்ந்தது என்பதை வருங்காலத் தலைமுறையின் நலன் கருதி விளக்கிவிடுவது நம் கடமை.

காலை ஒன்பது மணிக்குப் படப்பிடிப்பு வீட்டில் ஒப்பனை முடியும். அந்த வீட்டின் மாடிப்படி பிரமாதமானது. பதினெட்டுப் படிகள் ஏறினால் சுவரில் முட்டிக்கொள்ளலாம். வெளியே நிற்கும் காரின் பின்சீட்டில் வசனகர்த்தா அன்றைய வசனத்தை அன்றைக்கே எழுதிக்கொண்டிருப்பார். எழுதிய தாள் சூடு ஆறுவதற்குள் பிராம்ப்டர் கைக்குப் போகும். பிராம்ப்டர் என்பவர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை உரக்கப் படிப்பவர். ஐம்பது வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா, மளிகைப் பட்டியல் வாசிக்கிற குரல். "இந்த வீட்டு வாசலை நீ மிதித்தால்" என்று அவர் படிப்பார். "இந்த வீட்டு வாசலை நீ மிதித்தால்" என்று உத்தமர் கர்ஜிப்பார். "என் பிணத்தைத் தாண்டித்தான் போகணும்." "என் பிணத்தைத் தாண்டித்தான் போகணும்!" அவ்வளவுதான். பிறகு இன்னொரு ஊரில், கதவு சாத்திய ஓர் அறையில், கனத்த சாரீரம் கொண்ட ஒருவர் வந்து அத்தனையையும் தன் குரலில் பேசிவிட்டுப் போவார். உத்தமரின் சொந்தக் குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். அதை ரசிகர்கள் தாங்கமாட்டார்கள் என்று சேனல் கருணையோடு முடிவு செய்திருந்தது.

ஆக, சொல் ஒருவருடையது, ஞாபகம் ஒருவருடையது, குரல் ஒருவருடையது. மீதமிருந்த முகம் முழுக்க முழுக்க உத்தமருடையது. அதில் யாரும் பங்கு கேட்க முடியாது.

அந்த முகத்தின் பெருமையைச் சொல்லி மாளாது. யாராவது அதிர்ச்சியான செய்தி சொன்னால் இயக்குநர் "மூணு, சார்!" என்று கத்துவார். உத்தமர் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை, நேராக ஒருமுறை திரும்புவார். திருப்பத்துக்கு ஓர் இடி. கண்ணீர் வேண்டுமென்றால் எந்தப் பக்கம் கேமரா இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கண்ணில் மட்டும் வரும். மறு கண்ணீரை வீணாக்கமாட்டார். ஆண்டுக்கு ஒருநாள், சாம்பல் நிறத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து, அதிர்ச்சி பதினான்கு, துக்கம் பதினொன்று, பெருமிதம் கலந்த துக்கம் ஆறு என்று அவர் முகத்தைப் படமெடுத்துச் சேமித்துக்கொள்வார்கள். ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து உத்தமர் பன்னிரண்டு நாள் படுத்துவிட்டார். தொடர் நிற்கவில்லை. கையிருப்பு முகங்களை வைத்தே மூன்றாவது பெண்ணின் கல்யாணப் பேச்சை முடித்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் பார்வையாளர் எண்ணிக்கை கூடியது. 'ஆள் இல்லாமலே இப்படி என்றால், இருந்தால் எப்படி!' என்று சேனல் தலைவர் வியந்தார்.

விருதுக் குழுவின் கூட்டமும் வரலாற்றுச் சிறப்பு மிக்கது. நடுவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் புதியவர், விவரம் போதாதவர். அவர் கையைத் தூக்கி, "குரல் வேற ஆளோடதாமே?" என்று கேட்டுவிட்டார்.

"அப்பான்னா முகந்தான்யா முக்கியம்" என்றார் மூத்த நடுவர். "உங்கப்பா என்ன பேசினார்னு உமக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கே சார். 'படிடா'ன்னார்."

"அதை யாரு வேணா சொல்லலாமில்ல? அப்புறம் என்ன?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. சிக்னலில் கார் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியைத் தட்டி, "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்பார். வங்கியில் வரிசையில் நிற்கும் பெண்கள் வழிவிட்டு, "நீங்க முன்னால போங்கப்பா" என்பார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் 'பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி?' என்ற தலைப்பில் பேச அழைத்தார்கள். பேருரை பிரமாதமாக அமைந்தது. மூன்று மணிக்கு வர வேண்டியவர் ஐந்தரைக்கு வந்தார் என்பது ஒரு குறையா? பிராம்ப்டர் முதல் வரிசையில் உட்கார்ந்து வாயசைக்க, உத்தமர் பேசி முடித்ததும் தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது வீட்டுக்கு வருவோம்.

உத்தமருக்கு நிஜத்தில் ஒரே பெண். வயது இருபத்தாறு. குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இதைக் குடிக்கலாம், இதைக் குடிக்கக் கூடாது என்று கையெழுத்துப் போடுகிறவள். பார்வைக்குத் தெளிவாக இருப்பதெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை என்பது அவளுக்கு உத்தியோக ரீதியாகத் தெரியும்.

வீட்டில் உத்தமர் பேசுவது அபூர்வம். கேள்வி கேட்டால் முகத்தை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார். கல்யாணமான புதிதில் வாயாடியாகத்தான் இருந்தார் என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள். தொடர் தொடங்கி மூன்றாம் ஆண்டில் அந்த அம்மாள் நிலைமையைப் புரிந்துகொண்டாள்.

"'சாப்பாடு நல்லா இருக்கு'ன்னு சொல்லுங்க" என்பாள் தட்டை வைத்துவிட்டு.

"சாப்பாடு நல்லா இருக்கு."

"'நீ சாப்பிட்டியா'ன்னு கேளுங்க."

"நீ சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் திருப்தியாக அடுப்படிக்குப் போவாள். குடும்பம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்? எத்தனை வீட்டில் மனைவி சொன்ன சொல்லைக் கணவன் அட்சரம் பிசகாமல் சொல்கிறான்?

மகளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவள் சுபாவம் அப்படி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உத்தமர் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

உத்தமர் இடம், வலம், நேர் என்று மூன்று முறை திரும்பினார்.

"லிஃப்ட் மெக்கானிக். நல்லவர். அவரோட அம்மா ஞாயித்துக்கிழமை வர்றாங்க. அவங்க கண்ணாடிக்கடை வெச்சிருக்காங்க. எதையும் நேருக்கு நேரா பாத்துக் கேக்கறவங்க. எனக்கு நகை வேணாம், மண்டபம் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா?"

உத்தமர் மனைவியைப் பார்த்தார். "'செய்றேம்மா'ன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

"செய்றேம்மா."

"அம்மா, நீ சும்மா இரு! அப்பா, ஞாயித்துக்கிழமை மாமாவைக் கூட்டிட்டு வராதீங்க. யாரும் எடுத்துக்கொடுக்காம, என்னைப் பத்தி நீங்களா ஒரு வார்த்தை சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்லை. 'இவ சோம்பேறி'ன்னு சொன்னாலும் சரிதான். உங்க வாயால வரணும், அவ்வளவுதான்."

மாமா என்று அவள் சொன்னது பிராம்ப்டரை. சொந்தம் எதுவும் கிடையாது. காட்சி எடுக்கும்போது உத்தமரின் ஃபோன் பிராம்ப்டரின் சட்டைப் பையில் இருக்கும். பதினொரு வருஷமாக அது அடித்தபோதெல்லாம் எடுத்தது அவர்தான். அப்படி வந்த உறவு.

உத்தமர் தலையை ஆட்டினார். மகளின் முகம் மலர்ந்தது. பாவம், தலையாட்டலை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். தொழிலில் அதற்கு 'கையிருப்பு எண் நான்கு' என்று பெயர்.

ஆனால் நாம் உத்தமரைக் குறை சொல்லக் கூடாது. அவர் உண்மையிலேயே முயன்றார். அன்று கேரவனில் கண்ணாடி முன் உட்கார்ந்து, "என் பொண்ணு..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் போகவில்லை. என் பொண்ணு என்ன? என் பொண்ணு எப்படி? ஐந்து நிமிடம் யோசித்ததில் அவளுக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை என்பது ஞாபகம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அது தொடரில் வரும் நான்காவது பெண்ணின் மூக்கு. பயந்து போனார் மனிதர். நேராகக் காருக்குப் போய் வசனகர்த்தாவின் ஜன்னலைத் தட்டினார்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பக்கம் வேணும்யா. பொண்ணைப் பத்தி அப்பா பேசற மாதிரி."

"எந்தப் பொண்ணு சார்? மூத்தவளா, ரெண்டாவதா?"

"மூத்தவ" என்றார் உத்தமர். ஒரே பெண் என்றால் அவள்தானே மூத்தவள்? கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. கூடத்தில் நாற்காலிகள் துடைத்துப் போடப்பட்டிருந்தன. பால்கனிக் கதவை ஒட்டி உத்தமர் உட்கார்ந்தார். கதவுக்கு முன் திரைச்சீலை. அதற்கு அந்தப் பக்கம், காயப்போட்ட துண்டுகளுக்கு நடுவே, கையில் அட்டையோடு பிராம்ப்டர். 'பாப்பாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படும் சார், நான் வரலை' என்று அவர் இரண்டு நாள் மறுத்துப் பார்த்தார். 'நீ இல்லேன்னா நான் செத்தேன்யா' என்று உத்தமர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வசனம் யாரும் எடுத்துக்கொடுக்காமல் வந்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா மகனோடு வந்தார். குள்ளமான, விறைப்பான அம்மாள். கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மாட்டிக்கொண்டு உத்தமரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க டிவியில வர்றவராமே. தப்பா எடுத்துக்காதீங்க, நான் டிவி பாக்கறதில்லை. கடையை மூடவே நேரம் சரியாயிடுது."

உத்தமருக்குப் பகீரென்றது. பதினொரு வருஷத்தில் இப்படியொரு மனித ஜீவனை அவர் சந்தித்ததே இல்லை.

"பொண்ணு படிப்பு, வேலையெல்லாம் என் பையன் சொல்லிட்டான். அதெல்லாம் எனக்கு வேணாம். நீங்க பெத்தவர். யாருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இவளைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

மகள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அவள் கண் அப்பாவின் உதட்டை விட்டு அகலவில்லை.

உத்தமர் திரும்பினார். இடம். வலம். நேர்.

"கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்றார் அந்த அம்மாள் பரிவோடு. "வெந்நீர் ஒத்தடம் குடுங்க, கேக்கும்."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மெல்லிய மளிகைப் பட்டியல் குரல் வந்தது. உத்தமருக்கு உயிர் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வாக்கியம் பின்தங்கி, அட்சரம் பிசகாமல் முழங்கினார்.

"இவள் என் மகள் அல்ல. என் சுவாசம். என் ஐந்து பெண்களில் இவளே மூத்தவள்!"

மாப்பிள்ளையின் அம்மா மகன் பக்கம் திரும்பினார்.

"அஞ்சா? ஒரே பொண்ணுன்னுதானேடா சொன்னே?"

"ஒண்ணுதாம்மா!"

"அப்ப மீதி நாலு எங்க?"

உத்தமரின் மனைவி, "ஐயோ, எனக்கு ஒண்ணுதாங்க" என்று எழுந்துவிட்டாள். 'எனக்கு' என்ற அந்தச் சொல் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கண்ணாடிக்கடை அம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மகளோ பேச்சைக் கேட்கவே இல்லை. திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கீழே இரண்டு பழைய செருப்புகள் தெரிந்தன. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

திரைக்குப் பின்னால் தாள் கசங்கும் சத்தம். பிராம்ப்டர் வசனகர்த்தாவின் பக்கத்தைக் கசக்கிப் பையில் போட்டுவிட்டார். தொழிலுக்கு வந்து முப்பது வருஷத்தில் அவர் தாளில் இல்லாததைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

"தப்பா சொல்லிட்டேன்" என்றது குரல்.

"தப்பா சொல்லிட்டேன்" என்றார் உத்தமர்.

"இவ ஒருத்திதான். பதினொண்ணாங்கிளாசில கணக்கில பன்னெண்டு மார்க் வாங்கினா. அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு ஃபோன்ல சொல்லி அழுதா."

உத்தமர் சொன்னார். அவர் மனைவி, "பன்னெண்டா? எங்கிட்ட எழுபத்திரண்டுன்னாளே!" என்றாள்.

"மொதல் சம்பளம் வாங்கினன்னிக்கு ஒரு பேனா வாங்கினா. யாருக்குன்னு சொல்லலை."

உத்தமர் சொன்னார். பிராம்ப்டரின் சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறோம்.

"மூடின எடம்னா இவளுக்குப் பயம். ஆபீஸ்ல ஏழாவது மாடிக்குப் படியேறித்தான் போவா. ஒருநாள் கால் சுளுக்கி, வேற வழியில்லாம லிஃப்ட்ல ஏறினா. அன்னிக்குன்னு பாத்து அது நின்னுபோச்சு. ரெண்டு மணி நேரம்."

உத்தமர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே சுவாரசியமாக இருந்தது. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளையாக அடக்கிக்கொண்டார்.

கண்ணாடிக்கடை அம்மாளின் விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கைப்பை மடியிலிருந்து கீழே இறங்கியது.

"என் பையந்தானே அன்னிக்கு லிஃப்டைத் தொறந்தான்! எங்கிட்ட சொல்லியிருக்கான். 'உள்ள ஒரு பொண்ணு அழாம ஃபோன்ல பேசிட்டே இருந்துச்சும்மா. மறுபக்கம் அவங்க வீட்டுல யாரோ பெரியவர், ஒண்ணு ரெண்டு மூணுன்னு ரெண்டு மணி நேரம் கூடவே மூச்சை எண்ணிட்டிருந்தார்'னான். அப்படிப்பட்ட மனுஷன் வீட்டுப் பொண்ணுன்னா சரியாத்தான் இருக்கும்னு அன்னிக்கே நெனைச்சேன்." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "அது நீங்கதானே?"

திரைச்சீலை அசையவில்லை. கீழே தெரிந்த செருப்புகள் அசையவில்லை. உத்தமர் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். சொல்லுங்கப்பா, 'நான் இல்லை'ன்னு சொல்லுங்க, இந்த ஒண்ணையாவது நீங்களா சொல்லுங்க என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"ஆமாம்" என்றது குரல், ரொம்ப மெதுவாக.

"ஆமாம்!" என்றார் உத்தமர். கேமரா எந்தப் பக்கம் என்று தெரியாததால் அன்று இரண்டு கண்ணிலும் நீர் வந்தது.

சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவானது. "அடுத்த வியாழக்கிழமை பதிவு பண்ணிடலாம், சம்பந்தி" என்று அந்த அம்மாள் கைகூப்பினார். மகள் எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு போய்த் திரைச்சீலையை விலக்கினாள்.

"வெயில்ல நிக்காதீங்க மாமா. உள்ள வந்து உக்காருங்க."

கண்ணாடிக்கடை அம்மாள் யார் இவர் என்பதுபோலப் பார்த்தார். "டிரைவருங்க" என்றாள் உத்தமரின் மனைவி அவசரமாக. பிராம்ப்டர் உட்காரவில்லை. நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுக் கீழே போய் உண்மையாகவே கார் கதவைத் திறந்து வைத்தார்.

மறுநாள் படப்பிடிப்புக்குப் போகும் வழியில் உத்தமர் உற்சாகமாக இருந்தார்.

"ஒரே டேக்யா! அந்தம்மா அழுததைப் பாத்தியா? ஆமா, அந்த லிஃப்ட் சமாசாரம் எப்ப நடந்துச்சு?"

"போன வருஷம் சார். மூணாவது பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பற காட்சியில நீங்க அழுதுட்டிருந்தீங்க."

"எங்கிட்ட ஏன்யா சொல்லலை?"

"சொன்னேன் சார். 'அப்புறம்'னீங்க. அப்புறமும் சொன்னேன். 'ஃபீலைக் கெடுக்காதே'ன்னீங்க."

உத்தமர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருமுறைதான் திரும்பினார். அதற்கு இடி கிடையாது. சிக்னலில் யாரோ கண்ணாடியைத் தட்டி, "அப்பா!" என்றார்கள். அவர் சட்டென்று கையசைத்துச் சிரித்தார். மனசு லேசாகிவிட்டது.

வியாழக்கிழமையும் வந்தது. அன்று உத்தமர் செய்த தியாகம் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. படப்பிடிப்புக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மகளின் கல்யாணத்துக்கு நேரில் வந்தார். 'போயிட்டு வாங்க சார், ஒண்ணும் கெடாது, கையிருப்பு இருக்கு' என்று இயக்குநரும் பெருந்தன்மையாக அனுப்பி வைத்தார்.

பதிவு அலுவலகத்தின் நடைபாதையில் கூட்டம் அவரை மொய்த்தது. குமாஸ்தாக்கள் கோப்புகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "அப்பா, ஒரு ஃபோட்டோ!" "அப்பா, ஒரு கையெழுத்து!" அன்று அந்த அலுவலகத்தில் போடப்பட்ட கையெழுத்துகளில் பெரும்பகுதி அவருடையது. உள்ளே பதிவாளர் மட்டும் படிவத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தலையைத் தூக்காமலே இருபது வருஷமாகக் கல்யாணம் செய்து வைப்பவர் அவர்.

"பொண்ணு தரப்புச் சாட்சி யாரு?"

மகள் வாசலோரம் நின்றிருந்த பிராம்ப்டரைப் பார்த்தாள். "மாமா, நீங்க போடுங்க."

"நானா பாப்பா? அப்பா இருக்காரே..."

"போடுங்க மாமா."

பிராம்ப்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இரண்டில் நல்ல பேனாவை.

"உறவுமுறை?" என்றார் பதிவாளர்.

"ஃபோன் பண்ணா எடுக்கறவர்" என்றாள் மகள்.

"அப்படி ஒரு கட்டம் இல்லைம்மா."

"அப்ப வெறும் 'சாட்சி'ன்னு போட்டுக்குங்க சார். எல்லாத்தையும் பாத்தவர் அவர்தான்."

பதிவாளர் போட்டுக்கொண்டார். அப்போதுதான் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்ற கூட்டத்தின் சத்தம் அவருக்கு எரிச்சலூட்டியது. தலையைத் தூக்கினார். நடுவில் பட்டுச் சட்டையில் உத்தமர்.

"நீங்க யாரு சார்?"

"ஐயோ, தெரியலையா? அப்பா சார்!" என்று குமாஸ்தாக்கள் பதறினார்கள்.

"யாருக்கு அப்பா?"

கேள்வி சாதாரணமானது. படிவத்தில் உள்ளதுதான்.

உத்தமர் இடப்பக்கம் திரும்பினார். மனைவி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் திரும்பினார். அங்கே பிராம்ப்டர் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். உத்தமரின் கண் அவர் உதட்டைத் தேடியது. உதடு அசையவில்லை. முகத்தில் கோபம் இல்லை, வீம்பும் இல்லை. இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொடுக்க மனசு வரவில்லை அவருக்கு, அவ்வளவுதான். உத்தமர் நேராகத் திரும்பினார். நேரே மகள். கையில் பேனாவோடு, கையெழுத்துப் போடாமல், காத்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். உத்தமரின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

மகள் எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று யாரும் எண்ணவில்லை. லிஃப்டில் இருந்ததைவிட நீளமாகத்தான் இருந்திருக்கும் அவளுக்கு. கடைசியில் தலையைக் குனிந்து, படிவத்தைப் பார்த்தபடி, மளிகைப் பட்டியல் வாசிக்கிற குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"'இவ என் பொண்ணு.'"

உத்தமரின் முகம் ஒளிர்ந்தது. நிமிர்ந்தார். அறையின் மேல்மூலையில் கண்காணிப்புக் கேமரா ஒன்று இருப்பதை அதற்குள் கவனித்திருந்தார். அந்தப் பக்கத்துக் கண்ணில் ஒரே ஒரு துளி உருண்டது.

"இவ என் பொண்ணு!"

வாசலில் கைதட்டல் அதிர்ந்தது. ஒரு குமாஸ்தா விசும்பினார். பதிவாளர்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு முத்திரை குத்தினார். மகள் கையெழுத்துப் போட்டாள். யாரோ பதிவு செய்த அந்தக் காட்சி அன்று மாலைக்குள் ஊரெல்லாம் பரவி, அவருக்கு நான்காவது 'உத்தமத் தந்தை' விருதைப் பெற்றுத் தந்தது.

நாம் தொடக்கத்தில் சொன்ன சாதனையும் முறியாமல் அப்படியே இருக்கிறது. அன்றும் உத்தமர் வசனத்தை மறந்துவிடவில்லை. மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.